நின்ற இடத்திலிருந்து கிளம்புதல்

பந்தய வீடியோ விளையாட்டில் வண்டியை எப்படிக் கிளப்புவது என்பதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் கேட்டார்: ‘ஏன்வே, வேற சோலி ஒண்ணும் இல்லையா?’ முப்பது வருஷமாகத் தொழிற்சங்கத்தில் இருப்பவர். இந்த விளையாட்டுகள் பையன்களின் மூளையை மழுங்கடிக்க வந்த ஏகாதிபத்தியச் சரக்கு என்பது அவருடைய தீர்ப்பு. இன்னொரு பக்கத்தில், எதை எடுத்தாலும் ‘பிரதி தரும் இன்பம்’ என்று குதிக்கிற இளைய நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விளையாட்டு என்றாலே விடுதலை. இந்த இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையானவை. இரண்டு தரப்பிலும் யாரும் உட்கார்ந்து ஆடிப் பார்த்ததில்லை. நான் ஆடிப் பார்த்தேன். பெரும்பாலும் தோற்றேன். அதுவும் முதல் மூன்று விநாடிகளிலேயே தோற்றேன் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

வேகத்தைப் பற்றி நாம் நிறையவே பேசியாயிற்று. பால் விரிலியோ ‘வேகமும் அரசியலும்’ எழுதியது 1977இல். செல்வத்தைப் போலவே வேகமும் அதிகாரத்தின் அடித்தளம் என்ற அவருடைய வாதம் நம் சிறுபத்திரிகைகளிலும் சுற்றிவந்திருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைப் பற்றிய சிந்தனை. கோட்டில் நிற்கிற வண்டி, என்ஜின் உறுமிக்கொண்டிருக்க, சக்கரம் அசையாமல், விளக்கைப் பார்த்தபடி காத்திருக்கிறதே, அந்த நிலையைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. பந்தய விளையாட்டு என்கிற பிரதி தன் கருத்தியலைச் சொல்லுமிடமும் அதுதான், அந்தக் கருத்தியலுக்கு எதிராக உளறிவிடுமிடமும் அதுதான் என்பது என் வாசிப்பு.

முதலில் கீபோர்டு. 2000ஆம் ஆண்டையொட்டிப் பாளையங்கோட்டையிலும் ஜங்ஷனிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்த காலத்தில் பையன்கள் மணிக்கணக்கில் ஆடியது ‘ரோட் ராஷ்’. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1991இல் வெளியிட்டது. நம்மூருக்கு வந்து சேர்ந்தது 1996இன் கம்ப்யூட்டர் வடிவம். மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டே பக்கத்தில் வருகிறவனைக் கம்பாலும் சங்கிலியாலும் அடிக்கலாம். அந்த அடிதடியைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் கவலைப்பட்டார்கள். அதில் கிளம்புதல் என்று தனியாக ஒரு காரியமே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அம்புக்குறிப் பொத்தானை அமுக்கினால் வண்டி போகும், எடுத்தால் தளரும். கீபோர்டுக்கு இரண்டே நிலைதான், 0 அல்லது 1. இதே பாளையங்கோட்டையிலிருந்து வந்த ‘மேலும்’ இதழில் அமைப்பியல் கட்டுரைகளைப் படித்து, இருமை எதிர்வு என்ற சொல்லைப் பார்த்துத் தலையைச் சொறிந்தவர்களில் நானும் ஒருவன். நாங்கள் பச்சை x வெந்தது, இயற்கை x பண்பாடு என்று நோட்டில் எழுதி மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பையன்கள் பின்னாளில் விரல்நுனியில் செய்தார்கள்: போ x நில். இடையில் எதுவும் கிடையாது.

இடையில் ஒன்று இருக்கிறது என்பதை விளையாட்டுகள் மெதுவாகத்தான் கண்டுபிடித்தன. 1992இல் வந்த ‘சூப்பர் மாரியோ கார்ட்’டில் விளக்கு மாறுவதற்கு முன்னால் சரியான தருணத்தில் பொத்தானை அமுக்கினால் வண்டி பாயும். முந்தி அமுக்கினால் சக்கரம் சும்மா சுற்றும். அங்கே தருணம் வந்துவிட்டது, ஆனால் அளவு வரவில்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ‘கிரான் டூரிஸ்மோ’ வண்டியின் எடை, டயரின் பிடிமானம் என்றெல்லாம் கணக்குப் போட்டது. பந்தயத்தில் சேர லைசென்ஸ் பரீட்சை எழுத வேண்டும், அந்தப் பரீட்சையின் முதல் பாடமே நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் குறித்த கட்டத்துக்குள் நிறுத்துவது. (பரீட்சை வைக்காமல் விளையாடக்கூட விடமாட்டார்கள் போல.) எவ்வளவு அமுக்குகிறோம் என்பதை அளக்கிற குச்சிகளும் விசைகளும் பெடல்களும் பரவலானதும் 0க்கும் 1க்கும் நடுவில் ஒரு பெரிய பிரதேசம் திறந்துகொண்டது.

அந்தப் பிரதேசத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் தம்பி மகன். ப்ளஸ் டூ படிக்கிறான். நான் விளக்கு அணைந்ததும் விசையை முழுதாக அமுக்குவேன். பின்சக்கரம் புகை கக்கிக்கொண்டு அங்கேயே சுற்றும். பக்கத்து வண்டிகள் எல்லாம் போய்விடும்.

‘பெரியப்பா, முழுசா அமுக்காதிய. பாதிதான் அமுக்கணும். டயரு கத்துச்சுன்னா கொஞ்சம் விட்ருங்க.’

கத்தாமல் கிளம்பிக் காட்டினேன். வண்டி திணறிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு மனசில்லாமல் போகிறவன் மாதிரி நகர்ந்தது.

‘இதுவும் தப்பு. சத்தமே வரலைன்னா அது தூங்குதுன்னு அர்த்தம். லேசா முனங்கணும். அந்த முனக்கத்தைப் பிடிச்சிட்டியன்னா அப்படியே கொண்டு போயிரலாம்.’

இந்த ‘லேசா முனங்கணும்’ என்பதைத்தான் நான் வாரக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு பௌதிகம் இருக்கிறது. டயர் தரையை அதிகபட்சமாகப் பிடிப்பது அது துளியும் வழுக்காமல் உருளும்போது என்று நாம் நினைப்போம். உண்மை அப்படியில்லை. வண்டி நகர்கிற வேகத்தைவிடச் சக்கரம் கொஞ்சம் கூடுதலாக, தோராயமாக 10லிருந்து 20 சதவீதம், சுற்றும்போதுதான் பிடிமானம் உச்சத்துக்குப் போகிறது. அதைத் தாண்டினால் சரிகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் பிடிக்க டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் பசேக்காவும் கூட்டாளிகளும் 1980களில் ஒரு சூத்திரம் செய்தார்கள். ‘மாயச் சூத்திரம்’ என்றே அதற்குப் பெயர். ஏன் அப்படி வளைகிறது என்று அது சொல்லாது, வளைவை மட்டும் அச்சாக வரைந்துவிடும். கோட்பாட்டாளர்களான நமக்குப் பொறாமை வரவேண்டிய பெயர். பல பந்தய விளையாட்டுகளின் அடியில் இந்தச் சூத்திரமோ இதன் உறவினர்களோதான் ஓடிக்கொண்டிருக்கின்றன. பின்சக்கரம் இழுக்கிற வண்டி கிளம்பும்போது எடை பின்பக்கம் சாய்கிறது, பின் டயர் அமுங்குகிறது, பிடிமானம் கூடுகிறது. ஆகவே முதல் அரை விநாடியில் கொடுக்கக் கூடாத அழுத்தத்தை அடுத்த அரை விநாடியில் கொடுக்கலாம். விரல் இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆடுகிறவர்கள் இதை ‘கிளீன் ஸ்டார்ட்’ என்கிறார்கள். சுத்தமான கிளம்பல். சுத்தம் என்கிற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முதுகு நிமிரும், நிமிரவும் வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் அந்தச் சொல் தண்ணீர்த்துறையிலும் கோயில் வாசலிலும் டீக்கடைப் பெஞ்சிலும் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்று தெரியும். ஆனால் விளையாட்டின் உள்ளே போய்ப் பார்த்தால் சுத்தமான கிளம்பல் என்பதில் கொஞ்சம் வழுக்கல் கட்டாயம் இருந்தாக வேண்டியிருக்கிறது. துளி வழுக்காத கிளம்பல் மந்தமான கிளம்பல். தூய்மைக்கு எதிரான ஒரு அறிவை, தூய்மையின் பெயரையே சூட்டி, அந்தப் பையன்களின் கைக்குள் இந்த நிரல் வைத்துவிட்டிருக்கிறது. பந்தய விளையாட்டு முழுக்க முழுக்க வலுவின் புராணம், அமுக்கியவன் ஜெயிப்பான் என்று படிக்கிறவர்கள் இங்கே இடறுகிறார்கள். அமுக்கியவன் நின்ற இடத்தில் புகைந்துகொண்டிருக்கிறான். எவ்வளவு விசையைத் தரை ஏற்றுக்கொள்ளும் என்று கேட்டுக்கேட்டுக் கொடுப்பவன் போய்விடுகிறான்.

இதை விளையாட்டின் இயந்திரம் சொல்கிறது. விளையாட்டின் கதையாடல் வேறொன்றைச் சொல்கிறது: விளக்கு அணையும் கணத்தில் எல்லோரும் சமம், அதற்கு முந்தியது எதுவும் கணக்கில்லை. ரோஜர் காய்வா 1958இல் விளையாட்டுகளை வகைப்படுத்தியபோது, போட்டி என்பது வாய்ப்பின் சமத்துவத்தைச் செயற்கையாக உண்டாக்கிக்கொண்டு நடப்பது என்றார். ‘செயற்கையாக’ என்ற சொல்லை நாம் விட்டுவிடக் கூடாது. 1982இல் நாம்கோ வெளியிட்ட ‘போல் பொசிஷன்’ விளையாட்டிலேயே முதலில் தனியாக ஒரு சுற்று ஓட்டித் தேறினால்தான் பந்தயம். தேறிய நேரத்தைப் பொறுத்து வரிசையில் இடம். அதாவது விளக்குக்கு முன்பே ஒரு பந்தயம் முடிந்துவிட்டிருக்கிறது. பிற்காலத்து ‘கிரான் டூரிஸ்மோ’க்களில் பல பந்தயங்கள் உருண்டபடியே தொடங்குகின்றன. நாம் கடைசியில் இருப்போம், ஒவ்வொருவராக முந்த வேண்டும். பின்னாலிருந்து தனி ஆளாக வந்து எல்லோரையும் வீழ்த்துகிற நாயகன், நம் சினிமா நமக்கு ஏற்கெனவே கொடுத்திருப்பவன்தான். அங்கே நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற பிரச்சினையே எடுக்கப்பட்டுவிடுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

சமத்துவக் கதையின் ஓட்டை வெளிச்சமாகத் தெரிவது உதவிகளில். வழுக்கலைத் தானே கண்டறிந்து விசையைக் குறைக்கிற ‘டிராக்ஷன் கன்ட்ரோல்’, தானே கிளட்ச் போடுகிற வசதி என்று ஒரு பட்டியல் இருக்கும், வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம். நிஜ ஃபார்முலா ஒன்னில் கிளம்புதலைக் கம்ப்யூட்டரிடம் விடுவது 2004இல் தடைசெய்யப்பட்டது, டிராக்ஷன் கன்ட்ரோல் 2008இல். விளையாட்டிலோ ‘எஃப்1 2016’ல் கிளட்சைக் கையில் பிடித்துச் சுழற்சியைச் சரியாக நிறுத்தி, ஐந்து சிவப்பு விளக்குகளும் ஒன்றொன்றாக எரிந்து மொத்தமாக அணைகிற கணத்தில் விடுகிற முறை வந்தது. பச்சை விளக்கே கிடையாது. சிவப்பு எப்போது அணையும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. இந்தக் கைமுறைக் கிளம்பலைச் செய்கிறவர்கள் உதவி போட்டு ஆடுகிறவர்களை மதிப்பதில்லை. ‘அவன் அசிஸ்ட் போட்டு ஆடுதான்’ என்று சொல்லும்போது குரலில் ஒரு ஏளனம் இருக்கும். இதை நான் வேறெங்கோ கேட்டிருக்கிறேன் என்று தோன்றிக்கொண்டேயிருந்தது. எங்கே என்று பிறகு பிடிபட்டது. கல்லூரி ஆசிரியர் அறையில், ‘கோட்டாவில் வந்தவன்’ என்று சொல்கிற குரல்.

ஒப்புமையை நான் வலிந்து இழுக்கவில்லை. பொருளாதாரம் அப்படியேதான் இருக்கிறது. ஸ்டீயரிங்கும் பெடலும் வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். அதை வைத்திருப்பவன் பாதத்தால் விசையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கொடுக்க முடியும். பழைய கம்ப்யூட்டரில் கீபோர்டோடு உட்கார்ந்திருப்பவனுக்கு இருப்பது 0மும் 1மும் மட்டுமே. உதவியைப் போடாமல் அவனால் பாதி அழுத்தம் கொடுக்கவே முடியாது. டிராக்ஷன் கன்ட்ரோல் அவனுடைய கருவியில் இல்லாத இடைநிலையை நிரலுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்கிறது. பெடல்காரனோ தன் காலடியில் கிடக்கிற விலையுயர்ந்த உதவியை உதவி என்றே எண்ணுவதில்லை. அதைத் தன் தகுதி என்கிறான். தகுதி பற்றிய நம்முடைய எத்தனையோ விவாதங்களில் இவ்வளவு பச்சையாக, பொத்தானும் பெடலுமாக, விஷயம் கண்ணுக்குத் தெரிந்ததில்லை.

வரிசையில் நிற்கிறவர்கள் யார் என்பது இன்னொரு கேள்வி. திரையில் வரிசை எப்போதும் நிறைந்தேயிருக்கும். நிஜத்தில் அப்படி இல்லாமல் போன ஒரு நாள் உண்டு, அதில் நம்மூர்க்காரர் ஒருவரும் நின்றார். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். இருபது வண்டிகள் தொடக்கத்துக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றுக்குப் போயின. மிஷலின் டயர் போட்டிருந்த 14 வண்டிகளும் அந்தச் சுற்றின் முடிவில் உள்ளே திரும்பிவிட்டன. அந்த ஓடுதளத்தின் சாய்ந்த வளைவை அந்த டயர்கள் தாங்காது என்று தெரிந்துவிட்டிருந்தது. மிச்சம் ஆறு வண்டிகள், அவரவர் கட்டத்தில், நடுவில் காலி இடங்களோடு நின்று கிளம்பின. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவை. அதை ‘சும்மா கிடைச்சது’ என்று சொல்கிறவர்கள் உண்டு. டயரும் தரையும் ஒத்துப்போகாதவனுக்குக் கிளம்புதலே இல்லை என்பதை அந்தக் காலிக் கட்டங்கள் காட்டியதைப் போல எந்த விளையாட்டும் காட்டியதில்லை.

நின்ற வண்டியைக் கிளப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று திருநெல்வேலிக்குத் திரை வந்து சொல்லித்தர வேண்டியதில்லைதான். ஆனித் தேரோட்டத்தன்று டவுனில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நெல்லையப்பர் தேர் 450 டன் என்று சொல்வார்கள். மனிதக் கைகள் மட்டுமே இழுப்பது இந்த ஊரின் பெருமை. ஓடத் தொடங்கிவிட்டால் தேர் தன் எடையிலேயே ஓடும், நிறுத்த முட்டுக்கட்டை போட வேண்டியிருக்கும். நிற்கிற தேரின் உராய்வு ஓடுகிற தேரின் உராய்வைவிடப் பெரியது. அதனால்தான் முதல் அசைவுக்கு முன்னால் வடத்தில் அவ்வளவு விறைப்பு, பின்சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்களின் அவ்வளவு கூச்சல். ஒரே வீச்சில் இழுத்தால் வடம் தாங்காது. 2024 ஜூனில் வடங்கள் அறுந்து தேர் நின்றதை எல்லோரும் பார்த்தோம். தம்பி மகனும் என்னோடு நின்றான். ‘முழுசா அமுக்கிட்டாங்க பெரியப்பா’ என்றான். சிரித்தேன். பிறகு, அவன் தேரைப் படித்த விதம் நான் தேரைப் படித்த விதத்தைவிடச் சரி என்று பட்டது.

ஆனால் தேர் ஒன்றை மறைப்பதில்லை, விளையாட்டு அதை மறைக்கிறது. வடத்தை யார் தொடலாம்? சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தலித்துகள் வடம் பிடிக்கும் உரிமை கேட்டு 1998இல் எழுந்த பிரச்சினை, வழக்கு, ஆணை, தடை, பல வருஷம் ஓடாமலே நின்ற தேர் என்று இழுபட்டு, 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடு தேர் மறுபடி ஓடியது. நின்ற இடத்திலிருந்து கிளம்ப ஒரு தேருக்கு அத்தனை வருஷம் ஆயிற்று என்றால் தடுத்தது எடையோ உராய்வோ இல்லை. சில கைகளைத் தொடவிடுவதைவிடத் தேர் நிற்பதே மேல் என்று முடிவுசெய்த வேறு கைகள். இந்தத் தடையை எந்தச் சூத்திரமும் வரையாது.

வண்டிக்குள்ளிருந்து பார்க்கிற கோணத்தை எடுத்துக்கொண்டால் திரையில் இரண்டு கைகள் தெரியும். கையுறை போட்ட கைகள். மணிக்கட்டு வரை மூடியிருக்கும். அந்தக் கைக்கு ஊர் இல்லை, தெரு இல்லை. என் தொழிற்சங்க நண்பர் இதைத்தான் போதை என்பார், ஓரளவு சரிதான். ஆனால் திரைக்கு இந்தப் பக்கம் விசையைப் பிடித்திருக்கிற கையைப் பாருங்கள். மணிக்கட்டில் கயிறு. என்ன நிறம் என்று நான் எழுத வேண்டியதில்லை, இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் எழுத்துப் படிப்பதற்கு முன்பே அந்த நிறங்களைப் படித்துவிடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் இந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றைக் கழற்றி விட்டால் மணிக்கட்டு மறந்துவிடுமா என்பது வேறு விவாதம். கையுறைக்குள் இருக்கிற ஒரு மணி நேரத்தில் அந்தக் கையால் என்ன தெரிந்துகொள்ள முடிகிறது என்பதை நாம் ஏன் விசாரிக்க மறுக்கிறோம் என்பதுதான் நண்பருக்கு நான் வைக்கிற கேள்வி. விடுதலை என்று குதிக்கிற இளையவர்களுக்கு வைக்கிற கேள்வி, கையுறையைக் கழற்றியதும் என்ன ஆகிறது என்பது.

ஜங்ஷன் பக்கத்தில் மாடியிலிருக்கிற ஒரு கேமிங் கடைக்குத் தம்பி மகனோடு இரண்டு மூன்று தடவை போனேன். ஒருநாள் பள்ளிச் சட்டையோடு இரண்டு பையன்கள் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பந்தயம் ஆடினார்கள். இரண்டு மணிக்கட்டிலும் வேறு வேறு நிறக் கயிறு. பேசிக்கொள்ளவில்லை. ஐந்து விளக்கு எரிந்தது, அணைந்தது. இருவர் விரலும் பாதியில்தான் நின்றது. இரண்டு டயரும் ஒரே மாதிரி லேசாக முனகியதைக் கேட்டு இருவரும் ஒருகணம் ஒருவர் திரையை ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று ஞாபகமில்லை. நேரம் முடிந்துவிட்டதென்று கடைக்காரர் சொன்னதும் எழுந்து ஒருவன் பின் ஒருவனாகப் படியிறங்கினார்கள். நானும் பின்னால் இறங்கினேன். கீழே பஸ் நிறுத்தத்தில் ஒருவன் கம்பத்துக்கு இந்தப் பக்கமும் மற்றவன் அந்தப் பக்கமும் நின்றார்கள். இருவருக்கும் ஒரே பஸ்.